வக்கீல் இல்லை, வாதம் இல்லை, அப்பீல் இல்லை

1869 ஜூலைத் திங்களில் கல்கத்தா மாநகரில் அமீர் கான் என்னும் முதிய வணிகர் கைது செய்யப்பட்டார். தோல் வாணிபத்தில் பெரும்பொருள் ஈட்டியவர் அவர். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் நாம் காணும் தோல் வணிகப் பெருமக்களைப் போன்றவர் என்று எண்ணிக்கொள்ளலாம். அவருடன் ஹஷ்மத் தாத் கான் என்பவரும் பிடிபட்டார். மாதங்கள் பல கடந்தும் எந்த நீதிமன்றத்தின் முன்னும் அவர்கள் நிறுத்தப்படவில்லை.

அவர்களைச் சிறையிட்ட அதிகாரம் 1818-ஆம் ஆண்டின் மூன்றாம் ரெகுலேஷன் என்பது. கும்பினி ஆட்சிக் காலத்தில் பிறந்த அந்த ஆணை தன் நோக்கத்தை ஒளிவுமறைவின்றியே கூறிற்று: நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப் போதிய ஆதாரம் இல்லாதவரையும், வழக்கு நடத்துவது உசிதமல்ல என்று சர்க்கார் கருதுபவரையும் அரசின் பாதுகாப்பை முன்னிட்டுக் காவலில் வைக்கலாம் என்பதே அதன் பொருள். ஆதாரம் இல்லை என்பதே இங்கே காவலுக்குரிய காரணமாகிவிடுகிறது. பிற்காலத்தில் இந்நாட்டில் எத்தனையோ பெயர்களில் வந்த தடுப்புக் காவல் சட்டங்களுக்கெல்லாம் இதுவே பாட்டனார்.

அன்றைய ஆட்சியாளரின் அச்சம் முழுவதும் கற்பனை என்று நாம் தள்ளிவிடுவதற்கில்லை. வடமேற்கு எல்லையில் சித்தானா முகாமிலிருந்து ஆங்கிலேயருக்கெதிராகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1863-இல் அம்பேலா கணவாயில் பிரிட்டிஷ் படை பெரும் இழப்புக்குள்ளாயிற்று. அந்த முகாமுக்குப் பாட்னாவிலிருந்து ஆளும் பணமும் சென்றதாக 1864-இல் அம்பாலாவிலும் 1865-இல் பாட்னாவிலும் வழக்குகள் நடந்து, பலர் நாடு கடத்தப்பட்டனர். அமீர் கானும் பணம் அனுப்பினார் என்பதே சர்க்காரின் ஐயம். ஐயம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஐயத்தை யார் சோதிப்பது?

அதைத்தான் 1870-இல் கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் கேட்டார்கள். பம்பாயிலிருந்து வந்த ஆன்ஸ்டி என்னும் ஆங்கிலேய பாரிஸ்டர், ஆட்கொணர் மனுவைத் தாக்கல் செய்து, இங்கிலாந்தின் மாக்னா கார்ட்டாவையும் அதன் வழிவந்த சட்டங்களையும் எடுத்துக்காட்டி வாதாடினார். பிரிட்டிஷ் மண்ணில் ஓர் அரசனுக்கில்லாத அதிகாரம் இந்தியாவில் ஒரு கவர்னர் ஜெனரலுக்கு எங்ஙனம் வந்தது என்பது அவர் வாதத்தின் சாரம். நீதிபதி நார்மன் மனுவைத் தள்ளினார். மேல்முறையீடும் பலிக்கவில்லை. ஆன்ஸ்டியின் வாதம் மட்டும் சிறு நூலாக அச்சேறிப் படித்தவர் மத்தியில் உலவிற்று.

இதன் பிறகு நிகழ்ந்ததுதான் கவனிக்கத்தக்கது. காவலில் வைத்து ஏறத்தாழ ஈராண்டுகள் ஆனபின், 1871-இல் சர்க்கார் அமீர் கான் மீது பாட்னாவில் முறைப்படி வழக்கே நடத்தியது, சாட்சிகளை அழைத்தது, ஆயுட்கால நாடு கடத்தல் தண்டனையும் பெற்றுத் தந்தது. வழக்கு நடத்த முடியாது என்று கூறி அடைத்து வைத்தவரை வழக்கு நடத்தியே தண்டிக்க முடிந்ததென்றால், இடையில் அந்த ஆணை எதற்காகத் தேவைப்பட்டது? அதே ஆண்டு செப்டம்பரில் நீதிபதி நார்மன் நீதிமன்றப் படிகளிலேயே அப்துல்லா என்பவனால் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அடுத்த பிப்ரவரியில் வைசிராய் மேயோ பிரபு அந்தமானில் ஷேர் அலி என்னும் கைதியின் கையால் மாண்டார். இவ்விரு கொலைகளையும் நியாயப்படுத்த யாராலும் இயலாது. ஆயினும் இவற்றின் பழி ஒரு சமுதாயம் முழுவதன் மீதும் கவிந்தது. ஹண்டர் துரை 1871-இல் எழுதிய ‘இந்திய முசல்மான்கள்’ என்ற நூல், இந்நாட்டு முஸ்லிம்கள் தங்கள் மார்க்கத்தின்படி மகாராணிக்கெதிராகக் கிளர்ந்தெழக் கடமைப்பட்டவர்களா என்ற வினாவையே தலைப்பில் தாங்கி வந்தது. அதற்கு சர் சையித் அகமது கான் பதில் எழுத வேண்டியிருந்தது.

அரை நூற்றாண்டு கழித்து வந்த ரௌலட் சட்டத்தைப் புரிந்துகொள்ள வங்காளத்தின் கதையை அறிந்தாக வேண்டும். 1908 ஏப்ரல் 30 அன்று முசாபர்பூரில் ஒரு நீதிபதியை நோக்கி எறியப்பட்ட வெடிகுண்டு, வண்டியில் சென்ற இரண்டு ஆங்கிலப் பெண்களைக் கொன்றது. அதைத் தொடர்ந்த அலிப்பூர் வழக்கில் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறிய நரேன் கோசாயின் சிறைக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு அரசு வழக்கறிஞர் அஷுதோஷ் பிஸ்வாஸ் கொல்லப்பட்டார். 1910 ஜனவரியில் அவ்வழக்கைப் புலன் விசாரித்த சம்சுல் ஆலம் என்னும் முஸ்லிம் போலீஸ் அதிகாரி உயர்நீதிமன்றக் கட்டடத்திலேயே சுடப்பட்டு விழுந்தார். சாட்சி சொன்னவன் செத்தான், வழக்கு நடத்தியவர் செத்தார், விசாரித்தவரும் செத்தார். இனி யார் சாட்சிக் கூண்டில் ஏறுவார்? ‘நீதிமன்றத்திற்குப் போனால் சாட்சி கிடைக்காது, ஆகவே நீதிமன்றம் இல்லாமலே காவலில் வைப்போம்’ என்று சர்க்கார் சொன்ன வாதம் இங்கிருந்துதான் பிறந்தது. எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய வாதமல்ல அது.

உலகப் போர் மூண்டதும் 1915 மார்ச்சில் இந்தியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. போர் முடிந்து ஆறு மாதம் வரையே அதற்கு ஆயுள். சர்க்கார் அதைத் தாராளமாகவே பயன்படுத்திற்று. குண்டெறிந்தவர்கள் என்று ஐயுறப்பட்ட வங்க இளைஞர் மட்டுமா அதில் சிக்கினர்? பத்திரிகை நடத்திய மௌலானா முகம்மது அலியும் அவர் தமையனார் ஷௌக்கத் அலியும் 1915 மே மாதம் முதல் காவலில் வைக்கப்பட்டு, சிந்த்வாராவில் ஆண்டுகளைக் கழித்தனர். மௌலானா அபுல் கலாம் ஆஸாத் 1916-இல் வங்காளத்தை விட்டு வெளியேற்றப்பட்டு ராஞ்சியில் அடைபட்டார். 1919 இறுதி வரை அவருக்கு விடுதலையில்லை. தேவ்பந்தின் பேராசான் மௌலானா மஹ்மூதுல் ஹஸன் ஹிஜாஸில் பிடிக்கப்பட்டு, எகிப்து வழியாக மால்ட்டாத் தீவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். வழக்கோ விசாரணையோ இன்றி 1920 வரை அங்கேயே இருந்தார். நம் சென்னை மாகாணத்தில் 1917 ஜூனில், எழுபதை எட்டிக்கொண்டிருந்த அன்னி பெசண்ட் அம்மையாருக்கே காவல் விதித்து உதகைக்கு அனுப்பினார்கள். அம்மையார் கையில் குண்டு இல்லை. ‘நியூ இந்தியா’ நாளிதழ்தான் இருந்தது.

வங்கக் கைதிகளைப் பற்றி எழுந்த கூக்குரலைத் தணிக்க, பீச்கிராஃப்ட், சந்தாவர்க்கர் என்னும் இரு நீதிபதிகள் 1918-இல் 806 பேரின் கோப்புகளைப் பார்வையிட்டனர். ஆறு பேரை மட்டும் விடுவிக்கலாம் என்றனர். போலீசார் எவ்வளவு கவனமாகச் செயல்பட்டிருக்கிறார்கள் பாருங்கள் என்று சர்க்கார் இதைப் பெருமையுடன் எடுத்துச் சொன்னது. ஆனால் அந்நீதிபதிகள் பார்த்தவை போலீசார் எழுதிய ஏடுகள். கைதியின் வழக்கறிஞர் அங்கே இல்லை. குறுக்கு விசாரணையும் இல்லை. ஒரு தராசில் ஒரு தட்டை மட்டும் வைத்து நிறுத்தால் எந்தப் பக்கம் தாழும் என்பதை வணிகக் குடும்பங்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

போர் முடிந்தால் இந்த அதிகாரங்கள் கைவிட்டுப் போகுமே என்ற கவலை 1917-இலேயே சர்க்காருக்கு வந்துவிட்டது. அவ்வாண்டு டிசம்பரில் சர் சிட்னி ரௌலட் என்னும் ஆங்கில நீதிபதியின் தலைமையில் ஐவர் குழு அமைந்தது. அதில் இடம்பெற்ற இந்தியர் இருவரில் ஒருவர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி சி.வி. குமாரசுவாமி சாஸ்திரி. 1918 ஏப்ரலில் சமர்ப்பிக்கப்பட்ட அதன் அறிக்கை மாகாணம் மாகாணமாகச் சதிகளை விவரித்தது. மணியாச்சி ரயில் நிலையத்தில் 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷ் கொல்லப்பட்டதைச் சொன்ன குழு, சென்னை மாகாணத்தில் தானாக முளைத்த புரட்சி இயக்கம் ஏதும் இல்லை, வெளியிலிருந்து வந்த தூண்டுதலே காரணம் என்று முடிவு கட்டியது. முஸ்லிம்களுக்கென்றே தனி அத்தியாயம் ஒன்று. பட்டுக் கடிதச் சதி என்று பேர்பெற்ற 1916-ஆம் ஆண்டு விவகாரம் அதில் இடம்பெற்றது. அமைதிக் காலத்திற்கும் விசேஷ அதிகாரங்கள் தேவை என்பது குழுவின் முடிவு.

1919 பிப்ரவரி 6 அன்று மசோதா டெல்லியில் இம்பீரியல் சட்டசபைக்கு வந்தது. அதன்படி, மூன்று உயர்நீதிமன்ற நீதிபதிகள் ஜூரிகளின்றி விசாரிப்பார்கள். தீர்ப்பின் மேல் அப்பீல் கிடையாது. சர்க்கார் ஒரு பகுதியை அறிவித்துவிட்டால் அங்கே ஒருவரை ஜாமீன் கேட்கலாம், குறிப்பிட்ட ஊரில்தான் வசிக்க வேண்டும் எனலாம், போலீஸ் நிலையத்தில் வந்து கையெழுத்திடச் செய்யலாம். நிலைமை கடுமையானால் வாரண்ட் இன்றிக் கைது செய்து அடைத்தும் வைக்கலாம். அவரைப் பற்றி மூவர் குழு ஒன்று மூடிய அறைக்குள் ஆராயும். குழுவின் முன் கைதி பேசலாம். ஆனால் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள இயலாது. சாட்சியச் சட்டம் அக்குழுவைக் கட்டுப்படுத்தாது. ‘வக்கீல் இல்லை, வாதம் இல்லை, அப்பீல் இல்லை’ என்று பஞ்சாபின் கடைவீதிகளில் மக்கள் இதைச் சுருக்கிச் சொன்னார்கள். ஒரு சட்ட நூலின் பல பக்கங்களை இதைவிடத் தெளிவாகச் சுருக்க எந்த வழக்கறிஞராலும் முடிந்திராது.

சபையில் இம்மசோதாவை எதிர்த்துப் பேசியவர்களுள் சிறந்த உரை வலங்கைமான் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியாருடையது என்பது பலர் கருத்து. குழுவில் ஒரு சாஸ்திரியார் கையெழுத்திட்டார்; சபையில் மற்றொரு சாஸ்திரியார் அதைத் தாக்கினார்! சீனிவாச சாஸ்திரியார் புரட்சிக்காரரல்லர். மிதவாதி, சாம்ராஜ்யத்தின் நண்பர். பின்னர் காந்தியடிகள் சத்தியாக்கிரகம் தொடங்கியபோது அதையும் எதிர்த்தவர். அத்தகையவர்தாம் கூறினார்: தீய சட்டம் ஒரு முறை நிறைவேறிவிட்டால் அது தீயவர்கள் மீது மட்டுமே பாயும் என்பதற்கு உறுதியில்லை, பீதி பிடித்த காலத்தில் அரசுகள் நிதானமிழக்கும், அப்போது குற்றமற்றவனுக்கும் பாதுகாப்பில்லை என்று. உள்துறை உறுப்பினர் சர் வில்லியம் வின்சென்டோ, நல்ல குடிமகன் அஞ்ச வேண்டியதில்லை என்ற பாணியிலேயே பேசினார். தேர்ந்தெடுக்கப்பட்ட இந்திய உறுப்பினர் அனைவரும் எதிர்த்தும், அதிகாரிகளின் வாக்குகளைக் கொண்டு மார்ச் 18 அன்று மசோதா நிறைவேறிற்று. முகம்மதலி ஜின்னாவும் மதன் மோகன் மாளவியாவும் மஸ்ஹருல் ஹக்கும் சபையிலிருந்து ராஜினாமாச் செய்தனர்.

அந்நாட்களில் காந்தியடிகள் இருந்தது நம் சென்னையில். கதீட்ரல் சாலையில் ராஜாஜி குடியிருந்த வீட்டில் தங்கியிருந்தார். மசோதா சட்டமாகிவிட்ட செய்தி வந்த இரவு, விழிப்புக்கும் உறக்கத்துக்கும் இடையில் நாடெங்கும் ஹர்த்தால் நடத்தும் எண்ணம் தமக்கு உதித்ததாக அவரே எழுதியிருக்கிறார். தேதி ஏப்ரல் 6 என்று மாற்றப்பட்ட செய்தி எட்டாமல் டெல்லி மார்ச் 30 அன்றே கடையடைத்தது. துப்பாக்கிச் சூடும் நடந்தது. இந்துவும் முஸ்லிமும் ஒருங்கே மாண்டனர். அதன் பின் ஏப்ரல் 4 அன்று ஆரிய சமாஜத் துறவியான சுவாமி சிரத்தானந்தர் டெல்லி ஜாமிஆ மஸ்ஜிதில் ஏறி நின்று முஸ்லிம் ஜமாஅத்தின் முன் உரையாற்றினார். ஒரு காவல் சட்டம் செய்துவித்த ஒற்றுமையை அதற்குப் பின் எந்தத் தலைவராலும் அத்துணை எளிதில் செய்விக்க முடியவில்லை என்பது வருத்தத்திற்குரியது.

அமிர்தசரஸில் டாக்டர் சைபுத்தீன் கிச்லுவும் டாக்டர் சத்தியபாலும் தலைவர்களாயிருந்தனர். ஏப்ரல் 9 அன்று ராமநவமி ஊர்வலத்தில் முஸ்லிம்களும் கலந்துகொண்டு ஒரே குவளையில் நீர் அருந்தினர். மறுநாள் காலை டெபுடி கமிஷனர் இருவரையும் தம் பங்களாவுக்கு அழைத்து, அங்கிருந்தே மோட்டாரில் ஏற்றித் தர்மசாலாவுக்கு அனுப்பிவிட்டார். அவர்களை விடுவிக்கக் கேட்டுச் சென்ற கூட்டத்தின் மீது துப்பாக்கி வெடித்தது. வெறிகொண்ட கூட்டம் வங்கிகளைக் கொளுத்தி, ஐந்து ஐரோப்பியரைக் கொன்றது. மூன்று நாட்களுக்குப் பின் ஜாலியன்வாலா பாக்கில் டயர் 1650 குண்டுகளைச் சுடச் செய்தான். சர்க்கார் கணக்குப்படி இறந்தவர் 379. மக்கள் கணக்கு அதனினும் மிகப் பெரிது. ஹண்டர் கமிட்டியில் இருந்த இந்தியர் மூவர், அவர்களுள் ஒருவர் சாஹிப்ஜாதா சுல்தான் அகமது கான், வெள்ளை உறுப்பினரோடு உடன்படாமல் தனி அறிக்கை எழுதினர்.

இங்கே ஒன்றை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். கிச்லுவையும் சத்தியபாலையும் கடத்தியது ரௌலட் சட்டமன்று. பழைய இந்தியப் பாதுகாப்புச் சட்டம். ரௌலட் சட்டப்படி இந்நாட்டில் ஒருவர் கூடக் கைது செய்யப்படவில்லை! அது எந்தப் பகுதியிலும் அமலுக்கு வராமலே, சர் தேஜ் பகதூர் சாப்ரு தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1922-இல் நீக்கப்பட்டது. பயங்கரவாதியைப் பிடிப்பதற்கென்று செய்த சட்டம் ஒரு பயங்கரவாதியையும் பிடிக்கவில்லை; அது பிடித்ததெல்லாம் ஒரு நாட்டின் நம்பிக்கையைத்தான். அதுவரை பிரிட்டிஷ் நீதியில் நம்பிக்கை வைத்திருந்த ஒரு தலைமுறை அந்த ஓராண்டில் அதை இழந்தது.

சுதந்திரம் வந்தது. அரசியல் நிர்ணய சபையில், ஒருவரது உயிரையும் உரிமையையும் எந்நெறிப்படி பறிக்கலாம் என்ற வினா 1948 டிசம்பரில் விவாதத்திற்கு வந்தபோது சென்னை மாகாணத்தின் உறுப்பினர் இருவர் எதிரெதிர் அணியில் நின்றனர். ‘சட்டம் வகுத்த நடைமுறை’ இருந்தால் போதும் என்றார் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். நடைமுறை நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்க இடம் வேண்டும் என்றார் முஸ்லிம் லீகின் மஹ்பூப் அலி பேக் சாஹிப். ஜப்பானிய அரசியல் சட்டத்திலிருந்து இச்சொற்றொடரை எடுத்த வரைவுக் குழு, அதைச் சூழ்ந்து நின்ற பாதுகாப்பு விதிகளை அங்கேயே விட்டுவிட்டு வந்ததை அவர் சுட்டிக்காட்டினார். சபை அல்லாடியின் பக்கம் சாய்ந்தது. அமைதிக் காலத்திலும் தடுப்புக் காவலுக்கு இடம் தரும் 22-ஆம் ஷரத்தும் அரசியல் சட்டத்தில் இடம்பெற்றது.

விளைவு தெரிய நெடுநாள் ஆகவில்லை. சென்னை ராஜ்யச் சிறைகளில் 1947 டிசம்பர் முதல் இருந்துவந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் வழக்கில் 1950 மே 19 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தடுப்புக் காவல் சட்டம் செல்லும் என்றது பெரும்பான்மை. மாறுபட்ட இருவரில் ஒருவர் நீதிபதி சையித் ஃபஸல் அலி. உரிமைகள் தனித்தனிப் பெட்டிகளல்ல. நடைமுறை என்றால் அதில் அறிவிப்பும், தன் தரப்பைச் சொல்லும் வாய்ப்பும், நடுநிலையான விசாரணையும் அடங்கியிருக்க வேண்டும் என்றார் அவர். அன்று அது சிறுபான்மைக் கருத்து. 1978-இல் மேனகா காந்தி வழக்கில் உச்சநீதிமன்றம் வந்து சேர்ந்த இடம் ஏறத்தாழ அதுவே.

இடையில் நேர்ந்தது அவசர நிலை. 1975 ஜூலை 4 அன்று ஆர்.எஸ்.எஸ்., ஜமாஅத்தே இஸ்லாமி ஆகிய இரண்டுக்கும் ஒரே நாளில் தடை. ஒருவரையொருவர் கண்ணெடுத்துப் பாராதவர்கள் ஒரே மிசாவின் கீழ் ஒரே சிறைகளில் அடைபட்டனர். 1976 ஏப்ரல் 28 அன்று ஜபல்பூர் வழக்கில் ஐந்து நீதிபதிகளுள் நால்வர், அவசர நிலையில் காவலை எதிர்த்து யாரும் நீதிமன்றத்தை நாட முடியாது என்றனர். ஒரு போலீஸ்காரர் பகையினால் ஒருவரைக் கொன்றுவிட்டால் கூடவா என்று நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டார், அவசர நிலை நீடிக்கும்வரை பரிகாரமில்லை என்று அட்டர்னி ஜெனரல் ஒப்புக்கொண்டார். கன்னா மட்டும் மாறுபட்டு எழுதினார். அதற்கு விலையாகத் தலைமை நீதிபதிப் பதவியை இழந்தார். அவரைத் தாண்டி அப்பதவிக்கு வந்த நீதிபதி மிர்ஸா ஹமீதுல்லா பேக், கைதிகளை அரசு ஏறத்தாழத் தாயன்புடன் பராமரிக்கிறது என்னும் பொருள்பட அத்தீர்ப்பில் எழுதியிருந்தார். நம்மவர் ஒருவர் எழுதினார் என்பதற்காக அதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

அந்தத் தாயன்பு சென்னை மத்திய சிறையில் எவ்வாறு இருந்தது? 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டபின் மிசாவில் பிடிபட்டவர்கள் பிப்ரவரி 2 இரவு சிறைக்குள் அடித்து நொறுக்கப்பட்டனர். முன்னாள் மேயரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு 1977 ஜனவரியில் காலமானார். அவர் சிறையில் எழுதிய நாட்குறிப்பு பின்னர் வெளியுலகைக் கண்டது. அந்த இரவை விசாரிக்கும் பொறுப்பு 1977-இல் நீதிபதி மு.மு. இஸ்மாயீல் அவர்களிடம் வந்தது. கம்பனில் தோய்ந்த அந்த நீதிமானை நம் இல்லங்களில் அறியாதார் இல்லை. கைதிகள் தாக்கப்பட்டது உண்மையே என்று அவரது குழு கண்டது. உச்சநீதிமன்றத்தில் பராமரிப்பு என்று எழுதப்பட்டதற்கும் சிறை அறையில் நிகழ்ந்ததற்கும் இடைவெளி மூன்று மாதம்கூட இல்லை. கதவைத் திறந்து கேட்க ஒருவருக்கு அதிகாரம் கொடுத்தபோதுதான் அது தெரிந்தது.

1978-இல் வந்த 44-ஆவது திருத்தம், உயிருரிமையை அவசர நிலையிலும் நிறுத்திவைக்க முடியாது என்று ஆக்கிற்று. அதே திருத்தத்தில் தடுப்புக் காவலை இறுக்கிப்பிடிக்கும் பிரிவு ஒன்றும் உண்டு. ஆலோசனைக் குழுவின் கருத்தில்லாமல் மூன்று மாதம் அடைத்து வைக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்து, அக்குழுவின் அமைப்பிலும் நீதித்துறையின் கையை ஓங்கச் செய்வது அது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய அப்பிரிவை எந்தக் கட்சியின் ஆட்சியும் இன்றுவரை அமலுக்குக் கொண்டுவரவில்லை. ஜபல்பூர் தீர்ப்பை உச்சநீதிமன்றமே 2017-இல் தவறு என்று தள்ளிற்று. தள்ளிய நீதிபதிகளுள் ஒருவர், அதை எழுதியவர்களுள் ஒருவரின் மைந்தர்.

1985-இல் பஞ்சாப் பயங்கரவாதத்தை எதிர்கொள்ளத் தடாச் சட்டம் பிறந்தது. ஈராண்டுக்கென்று வந்தது பத்தாண்டு வாழ்ந்தது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்பது 1872 முதல் வெள்ளையனே இந்நாட்டில் வைத்திருந்த விதி; தடா அதையும் உடைத்தது. பயங்கரவாதம் தலைதூக்காத குஜராத்தில் கூட ஆயிரக்கணக்கானோர் அதில் பிடிபட்டனர். 1995 பிப்ரவரியில் தேசிய மனித உரிமை ஆணையத்தின் தலைவர் நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா, இச்சட்டத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்று நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கே கடிதம் எழுதினார். அவ்வாண்டு மே மாதம் அது காலாவதியாயிற்று. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தடா நீதிமன்றம் 1998-இல் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. அடுத்த ஆண்டு உச்சநீதிமன்றம் அவர்களுள் 19 பேரை விடுவித்தது. அக்கொலை தடாச் சட்டத்தின்படி பயங்கரவாதச் செயலே ஆகாது என்றது. ஆயினும் அதே சட்டத்தின் கீழ் போலீசாரிடம் கொடுத்த வாக்குமூலங்கள் மட்டும் செல்லும் என்றது!

பொடாவின் கதை சிறியது. 2002 மார்ச்சில் அதை நிறைவேற்றிய கூட்டணியில் இருந்த வைகோ, நான்கே மாதத்தில் அதே சட்டப்படி கைதாகிப் பத்தொன்பது மாதம் சிறையிலிருந்தார். வலங்கைமான் சாஸ்திரியார் இருந்திருந்தால் புன்னகைத்திருப்பார்.

கோவையைச் சொல்லாமல் இக்கட்டுரை நேர்மையாகாது. 1998 பிப்ரவரி 14 அன்று வெடித்த குண்டுகளில் 58 பேர் மாண்டனர். அதற்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு போலீஸ்காரர் கொலையுண்டதையும், அதன்பின் முஸ்லிம்கள் 18 பேர் கொல்லப்பட்டதையும் நாம் அறிவோம். அந்தத் துயரம் இந்த 58 உயிர்களுக்கு விலையாகாது. தடா மறைந்து, பொடா பிறவாத காலம் அது. சாதாரணக் குற்றவியல் சட்டங்களைக் கொண்டே நடந்த அவ்வழக்கில் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டுப் பலர் தண்டனை பெற்றனர். விசேஷச் சட்டமின்றிப் பயங்கரவாதியைத் தண்டிக்கவே இயலாது என்பார்க்கு இது விடை. ஆனால் அதே வழக்கில் கேரளத்தின் அப்துல் நாசர் மஅதனி ஜாமீனின்றி ஒன்பதாண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்து, 2007 ஆகஸ்டில் குற்றமற்றவர் என்று அவ்வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். சாதாரணச் சட்டமும் தாமதத்தைத் துணைக்கொண்டால் தடுப்புக் காவலின் வேலையைச் செய்துவிடும் என்பதையும் நாம் மறக்கலாகாது.

இப்பொழுது நடப்பிலிருப்பது 1967-இல் பிறந்து, 2004, 2008, 2019 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்ட சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம். மும்பையில் 2008 நவம்பரில் 166 பேர் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பின் வந்த திருத்தத்தின்படி, குற்றச்சாட்டு முதல் நோக்கில் மெய்யெனத் தோன்றினாலே நீதிபதி ஜாமீன் தரக்கூடாது. தோன்றுவதோ பெரும்பாலும் புலனாய்வு அதிகாரியின் ஏட்டிலிருந்து. பீச்கிராஃப்ட்டும் சந்தாவர்க்கரும் பார்த்த அதே வகை ஏடு. 2021 பிப்ரவரி முதல் நாளன்று, கேரளத்தில் ஒரு பேராசிரியரின் கை வெட்டப்பட்ட கொடிய வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட ஒருவருக்கு அளித்த ஜாமீனை உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. விசாரணை நியாயமான காலத்துக்குள் முடியாதென்றால் சட்டத்தின் அத்தடை அரசியல் சட்ட நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்றது. அந்த மனிதர் அதற்குள் ஐந்தாண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்திருந்தார். இன்னும் விசாரிக்கப்படாமல் எஞ்சியிருந்த சாட்சிகள் 276 பேர்.